கராஜ் கதவில் நீல அறிவித்தல்

செப்டெம்பர் 5, வெள்ளி

கவுன்சிலுக்குப் போன் எடுத்தேன். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காத்திருக்க வைத்தார்கள். நான் அதற்குள் கத்தரிக்காய் வெட்டி, பொரித்து, சட்டியும் கழுவிவிட்டேன். பிறகுதான் ஃபரா என்றொரு பிள்ளை வந்தது. அனுமதிப்பத்திரப் பிரிவாம். குரல் நல்ல இனிமை. அதனாலேயே எனக்குச் சந்தேகம்.

இணையத்தில் பனஞ்சாராயம் விற்கப்போகிறேன், என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். கடை எங்கே என்றது. கடை இல்லை, இணையத்தளம்தான் என்றேன். அப்படியென்றால் போத்தல் எங்கே இருக்கும் என்றது. எங்கள் வீட்டுக் கராஜில் என்றேன். அப்போ கராஜுக்குத்தான் அனுமதி வேண்டும் என்றது. இணையத்தளத்துக்கு யாரும் அனுமதி கொடுப்பதில்லையாம். ஓடர் வந்ததும் எந்தத் தட்டிலிருந்து போத்தலை எடுத்து, இது இன்னாருக்கு என்று ஒதுக்கிப் பெட்டியில் வைக்கிறோமோ, அந்த இடம்தான் சட்டத்தின் கண்ணுக்குக் கடையாம்.

ஏற்கனவே அனுமதி உள்ள களஞ்சியங்கள் இருக்கின்றன, போத்தல்களை அங்கேயே வைத்து அங்கிருந்தே அனுப்பினால் சுலபம் என்றும் சொன்னது. ஊரான் களஞ்சியத்துக்கு வாடகை கட்டவா நான் இலண்டனில் கராஜ் உள்ள வீடாகப் பார்த்து வாங்கினேன்? நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

விமானச் சாப்பாடு கட்டும் எங்கள் பக்டரியை டிசம்பரோடு மூடுகிறார்கள். ஐம்பத்தொரு வயதில் எனக்கு வேறு யார் வேலை தரப்போகிறார்கள்? அதற்குள் இது காலூன்ற வேண்டும். ஒரு போத்தல் பனஞ்சாராயம், ஓலைக் குட்டானில் பனங்கட்டி, மிளகு போட்ட கஜுப் பருப்பு, மூன்றையும் அழகான பெட்டியில் வைத்துக் கிறிஸ்மஸுக்கு விற்கவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து இறக்குமதி செய்கிறவர் நவம்பரில் போத்தல்களைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

என் மனுசனிடம் சொன்னேன். ரீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வீட்டிலையோ?" என்றார்.

"வீட்டிலை இல்லையப்பா, கராஜிலை."

இன்னொரு ரீ போட்டுக்கொண்டார்.

செப்டெம்பர் 9, செவ்வாய்

விண்ணப்பப் பாரம் இறக்கினேன். படித்தால் தலை சுற்றுகிறது. குற்றம் நடக்காமல் எப்படித் தடுப்பீர்கள்? பொதுமக்களுக்குத் தொல்லை வராமல் என்ன செய்வீர்கள்? சிறுவர்களை எப்படிப் பாதுகாப்பீர்கள்? எங்கள் கராஜில் இதுவரை நடந்த ஒரே குழப்பம் இவர் தன் ஸ்க்ரூட்ரைவரைத் தேடுவதுதான். அதை எழுத முடியாது. "பெட்டியை வாங்குகிறவர் இருபத்தைந்து வயதுக்குக் குறைந்தவர்போலத் தெரிந்தால், கொண்டுபோகிறவர் வாசலில் அடையாள அட்டை கேட்பார்" என்று எழுதினேன். இவ்வளவு ஒழுக்கமான சாராயக்காரியை இந்தக் கவுன்சில் கண்டிருக்காது.

இவர் பட்மின்ரனுக்குப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமைகளில் தவறாமல் போவார். சேர்ச் மண்டபத்தில். மட்டை உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

செப்டெம்பர் 13, சனி

கராஜின் வரைபடம் வேண்டுமாம், அளவுத்திட்டப்படி. கதவு, சுவர், தீயணைப்பான், போத்தல் வைக்கும் இடம் எல்லாம் குறிக்கவேண்டும். நாடாவைப் பிடித்து நானே அளந்தேன். மீன் வைக்கும் ஃபிரீசர், மகள் அபிரா பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது விட்டுப்போன சைக்கிள், சுவரில் சாத்திவைத்த, எதற்கென்று தெரியாத ஒரு பழைய கதவு. வாசல் இரண்டு: ஒன்று தெருப்பக்கம், மற்றது வீட்டுப்பக்கம், எங்கள் சமையல் குசினிக்குள்.

பெயின்ற் ரின்களுக்குப் பின்னால் ஒரு போத்தல் கிடந்தது. பழையது, வெறும் போத்தல், மேலே ஒரே தூசி. மறுசுழற்சிப் பெட்டியில் போட்டால் தெருவெல்லாம் பார்க்கும். பத்திரிகையில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டேன். இவருக்குச் சொல்லவில்லை. வரைபடத்தை மூன்றுதரம் கீறினேன், மூன்றாவதும் கோணல்தான்.

செப்டெம்பர் 16, செவ்வாய்

இன்றைய எரிச்சல்: பொறுப்பாளர்.

சாராயம் விற்கும் இடத்துக்கு ஒரு பொறுப்பாளரின் பெயர் கொடுக்கவேண்டும். அவரிடம் தனி அனுமதிப்பத்திரம் இருக்கவேண்டும். அதற்கு நான் ஒரு நாள் வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, பொலிஸ் சான்றிதழ் எடுத்து, பிறகு கவுன்சிலுக்கு விண்ணப்பித்து... கிறிஸ்மஸ் போய்ப் பொங்கலும் வந்துவிடும். யோசித்துக்கொண்டு இருக்கும்போதுதான் நினைவு வந்தது. இவரிடம் இருக்கிறதே! மூலைக்கடையில் நின்ற காலத்தில் எடுத்தது. அந்தக் கடையில் எத்தனை வருடம் போத்தல்களுக்கு நடுவே நின்றவர்! உடம்புக்குச் சரியில்லாமல்தான் விட்டார். இப்போது பள்ளிக்கூட வான் ஓடுகிறார். காலையிலும் பின்னேரமும் வேலை, நடுவில் வீடு. அலுமாரி லாச்சியில் தேடினேன். அட்டை அப்படியே இருந்தது. படத்தில் முகம் கொஞ்சம் ஊதியிருக்கிறது.

"இஞ்சாருங்கோ, இதிலை ஒரு கையெழுத்து. பொறுப்பாளர் குகதாசன். எப்பிடி இருக்கு?"

பாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்னையோ போட்டிருக்கிறீர்?"

"வேறை ஆர் இருக்கினம்? உங்களை நம்பித்தானே இவ்வளவும்."

கையெழுத்துப் போட்டார். முகத்தில் ஒரு சிரிப்புக்கூட வந்தது என்று நினைக்கிறேன். பிறகு பட்மின்ரனுக்குப் புறப்பட்டார். வழக்கத்தைவிட நேரத்தோடு போய், வழக்கத்தைவிடப் பிந்தி வந்தார்.

நாங்கள் சில விஷயங்களைக் கதைப்பதில்லை. கதைக்காமல் விட்டதால்தான் எல்லாம் சரியாக வந்தது.

செப்டெம்பர் 19, வெள்ளி

விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. இன்றிலிருந்து அறிவித்தல் ஒட்டவேண்டும். வெளிர்நீலத் தாளாம். வெள்ளையில் ஒட்டினால் செல்லாது. தெருவில் போகிறவர்கள் நின்று படிக்கக்கூடிய இடத்தில், இருபத்தெட்டு நாள், இடைவிடாமல். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் அதற்குள் எழுதலாம். உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் போடவேண்டும். காணாமல் போன பூனைக்கும் பழைய கட்டிலுக்கும் நடுவே என் சாராயம் வரப்போகிறது.

நீலத்தாளுக்கு நாலு கடை ஏறி இறங்கினேன். இவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கராஜ் கதவில் ஒட்டினேன். "இருபத்தெட்டு நாளும் இதிலையே இருக்கவேணுமோ?" என்று கேட்டார். "ஒரு நாள் விட்டாலும் திரும்ப முதல்லையிருந்து" என்றேன். ம் என்றார்.

செப்டெம்பர் 21, ஞாயிறு

பக்கத்துவீட்டுப் பமீலா தன் நாயோடு நின்று முழுவதும் படித்தா. நாயும் நின்றது.

அக்டோபர் 5, ஞாயிறு

மச்சாள் போன் எடுத்தா. இவருடைய அக்கா, இந்திராணி மச்சாள். மகனுக்குக் கலியாணம். முறைப்படி வீட்டுக்கு வந்துதான் சொல்லவேண்டும், மாப்பிள்ளை வீட்டார் ஆறு பேர், தட்டோடு, இன்று பின்னேரம் வருகிறோம் என்றா.

எனக்குக் கை கால் ஓடவில்லை. கராஜ் கதவில் கொட்டை எழுத்தில் மதுபானம் என்று நிற்கிறது. மச்சாள் வெள்ளிக்கிழமைக்கு வெங்காயமும் சேர்க்காதவ. அதோடு, இவரையும் அந்தச் சொல்லையும் ஒரே வாசலில் பார்த்தால் மச்சாள் பழையதைக் கிண்டத் தொடங்குவா. அவவுக்கு ஒன்றும் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் இவர் கடையை விட்ட அந்த வருடம் நாங்கள் ஒரு கொண்டாட்டத்துக்கும் போகவில்லை.

"இஞ்சாருங்கோ, அந்த நோட்டீசை ஒருக்காக் கழட்டுங்கோ."

"ஒரு நாள் விட்டாலும் முதல்லையிருந்து எண்டீர்."

"ரெண்டு மணித்தியாலம் ஆருக்குத் தெரியப்போகுது? கழட்டுங்கோப்பா!"

கழற்றினார். நான் அதை அரிசிப்பைக்குக் கீழே வைத்தேன். வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டு, ரீ குடித்து, இருந்து கதைத்து, இரவுச் சாப்பாட்டுக்கும் நின்றுவிட்டார்கள். மச்சாள் இவரின் கன்னத்தைத் தடவி, "தம்பி நல்லா மெலிஞ்சு வடிவாயிட்டான், பட்மின்ரனாலை" என்றா.

அக்டோபர் 7, செவ்வாய்

தலையில் அடித்துக்கொள்ளவேண்டும் போல இருக்கிறது. அறிவித்தல் அரிசிப்பைக்குக் கீழேயே கிடந்துவிட்டது. நேற்று காலை ஃபரா இந்தத் தெருவால் போனதாம். போனது போகட்டும், எங்கள் கதவைப் பார்க்காமல் போகக்கூடாதா? அறிவித்தல் இல்லை, ஆகையால் திரும்பவும் முதலிலிருந்து என்று ஈமெயில்.

இவரைப் பேசினேன். நல்லாகவே பேசினேன். கழற்றியது நீங்கள்தானே, திரும்ப ஒட்டவேணும் என்ற நினைப்பு உங்களுக்கு வரவேண்டாமா என்றேன். "ஓம், மறந்திட்டன்" என்றார். அவர் மறக்கிற ஆளே இல்லை. வான் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு பிள்ளையின் தொப்பியைக்கூட மறந்ததில்லை.

புதிய நீலத்தாள். புதிய இருபத்தெட்டு நாள். நாளையிலிருந்து.

அக்டோபர் 16, வியாழன்

வேலையால் வந்து பார்க்கிறேன், கதவில் தாள் இல்லை! காற்று என்று நினைத்தேன். வேலியோரமெல்லாம் தேடினேன். இல்லை. திரும்ப ஒட்டிவிட்டு, மனச்சாட்சி உறுத்த ஃபராவுக்குப் போன் எடுத்து உண்மையைச் சொன்னேன். உண்மை சொன்னதற்குப் பரிசு: திரும்பவும் முதலிலிருந்து. எனக்காக வருந்துகிறதாம். அந்த இனிமையான குரலைக் கேட்கக் கேட்கப் பத்திக்கொண்டு வருகிறது.

இவர் இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம் அவித்து வைத்திருந்தார். சொதியும். கேட்காமலே.

அக்டோபர் 18, சனி

இந்தமுறை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, நாலு மூலையும் ஆணி முறுக்கினேன். ஸ்க்ரூட்ரைவர் காணவில்லை; பமீலாவிடம் இரவல் வாங்கினேன். சூறாவளி வந்தாலும் இனிப் போகாது.

போத்தல்காரர் போன் எடுத்தார். சரக்குத் தயாராம், எங்கே இறக்குவது என்று கேட்கிறார். பொறுங்கோ என்றேன்.

அக்டோபர் 30, வியாழன்

போய்விட்டது. உறையும் இல்லை, ஆணியும் இல்லை. கதவில் நாலு ஓட்டை.

காற்றுக்கு ஆணி கழற்றத் தெரியாது. பமீலாதான். வேறு யார்? முதல் நாளே நின்று படித்தவ. நேரே போய்க் கதவைத் தட்டினேன். ஆட்சேபம் இருந்தால் கவுன்சிலுக்கு எழுதுங்கள், என் கதவில் கை வைக்காதீர்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் கொட்டினேன்.

பமீலா என்னை இருத்தி ரீ தந்தா. தனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லையாம். அயலவருக்கு விலை குறைத்துத் தருவீர்களா என்று கேட்க இருந்தாவாம். பிறகு, "உங்கள் கணவருக்குச் சுகமா?" என்று கேட்டா. ஏன் என்றேன். பகலில் கராஜ் கதவுக்கு முன்னால் அவர் நெடுநேரம் நிற்பதைக் கண்டாவாம். ஒன்றும் செய்யாமல் சும்மா நிற்கிறாராம்.

அவர் வான் கழுவுகிறவர், அதற்காக நின்றிருப்பார் என்று சொல்லிவிட்டு வந்தேன். வானைப் பள்ளிக்கூடத்தில்தான் கழுவுவார்கள்.

புதிய தாளைப் புதிய உறைக்குள் வைத்து, பெரிய ஆணியாகப் போட்டு முறுக்கினேன். ஃபராவுக்குச் சொல்லவில்லை. போதும்.

நவம்பர் 4, செவ்வாய்

பஸ் பாதி வழி போனபிறகுதான் மூக்குக்கண்ணாடியை விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. இறங்கித் திரும்பி வந்தேன்.

இவர் ஸ்ரூலில் ஏறி நிற்கிறார். தேடித் தேடிக் கிடைக்காத அந்த ஸ்க்ரூட்ரைவர் கையில். மூன்று ஆணி கழன்றுவிட்டது, நாலாவதைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றிய ஆணிகளைச் சட்டைப் பையில் போட்டிருந்தார். கள்ள வேலையிலும் ஒழுங்கு.

"என்ன செய்யிறியள்?"

இறங்கினார். ஓடவோ ஒளிக்கவோ பார்க்கவில்லை.

நான் கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். டிசம்பரில் என் வேலை போகிறது, போத்தல்காரர் தினமும் போன் எடுக்கிறார், நான் இந்த நீலத்தாளுக்குப் பின்னால் பைத்தியம்போல அலைகிறேன், நீங்கள் உள்ளிருந்தே குழி பறிக்கிறீர்கள் என்றேன். "உங்கடை அக்காவுக்கு வெக்கப்பட்டோ?" என்றேன்.

"அக்காவுக்கு வெக்கப்பட்டுக் கழட்டச் சொன்னது நீர்."

அது உண்மை. உண்மை என்றபடியால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"அப்ப ஏன்? ஏனெண்டு சொல்லுங்கோ!"

"ஒருக்காக் கழட்டினா இருபத்தெட்டு நாள் கிடைக்குது, லோஜி."

"ஆருக்கு?"

"எனக்கு."

ஸ்ரூலில் இருந்துவிட்டார். நான் நின்றேன்.

"மூண்டு வருசமா ஒவ்வொரு நாளாத்தான் எண்ணுறன். இண்டைக்கு இல்லை, இண்டைக்கு இல்லை எண்டு. போத்தல் உள்ளை வந்திட்டா என்னாலை ஏலாது. குசினிக் கதவைத் திறந்தாக் கராஜ். டிசம்பர் வரைக்கும் நீர் வேலைக்குப் போயிடுவீர். பகல் முழுக்க நானும் அதுவும்தான்."

"சொல்லியிருக்கலாமே!"

"எப்பிடிச் சொல்லுறது? இந்த வீட்டிலை அதுக்குப் பேர் பட்மின்ரன் எண்டெல்லோ."

ஆனாலும் விடவில்லை, கேட்டேன். அப்போ ஏன் பொறுப்பாளர் என்று கையெழுத்துப் போட்டீர்கள்?

"நீர் கேட்டீர். என்னை நம்பிக் கேட்டீர் எண்டு நினைச்சன். சந்தோசமாத்தான் இருந்தது. நாலைஞ்சு நாள் நல்லாத்தான் இருந்தது. பிறகு பயம் வந்திட்டுது."

நான் நம்பிக் கேட்கவில்லை. அட்டை லாச்சியில் இருந்தது, அதனால் கேட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஸ்க்ரூட்ரைவரை அவரிடமிருந்து வாங்கி நாலாவது ஆணியை நானே கழற்றினேன். இரண்டுதரம் வழுக்கியது. இன்று வேலைக்குப் போகவில்லை. கண்ணாடி கடைசியில் என் கைப்பைக்குள்தான் இருந்தது.

நவம்பர் 5, புதன்

எழுத ஒன்றும் இல்லை. அழுதேன். பருப்பு அடிப்பிடித்தது.

நவம்பர் 7, வெள்ளி

ஃபராவுக்குப் போன் எடுத்தேன். அதே பாட்டு. விண்ணப்பத்தை மீளப் பெறுகிறேன் என்றேன். அந்தப் பிள்ளைக்கு உண்மையாகவே கவலை. இன்னும் கொஞ்ச நாள்தானே, ஆட்சேபம் ஒன்றும் வரவில்லையே என்றது. வந்தது, எழுத்தில் வரவில்லை என்றேன்.

பிறகு முதல் நாள் அது சொன்ன களஞ்சியத்தைப் பற்றிக் கேட்டேன். பட்டியலே அனுப்பியது. முதல் நாளே கேட்டிருந்தால் இத்தனை நீலத்தாள் மிச்சம். ஒரு களஞ்சியத்தாரோடு பேசினேன். போத்தல் துறைமுகத்திலிருந்து நேரே அங்கே போகும். நான் பனங்கட்டியையும் கஜுவையும் பெட்டியில் கட்டி அனுப்ப, அவர்கள் போத்தலை வைத்து, வயது பார்த்துக் கொடுப்பார்கள். வாடகை என் லாபத்தைத் தின்றுவிடும். அவர்கள் கேட்ட கட்டணத்தைச் சொன்னபோது இவர் தலையைக் குனிந்துகொண்டார். "உதுக்கேன் முகத்தைத் தொங்கப்போடுறியள்? அடுத்த வருசம் விலையைக் கூட்டுவம்" என்றேன். கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் பொய். அவர் பேரில் கொஞ்சம், என் பேரில் நிறைய, கவுன்சிலின் பேரில் அப்படியே இருக்கிறது.

பமீலாவின் ஸ்க்ரூட்ரைவரைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு கடதாசிச் சரையில் கஜுவும்.

நவம்பர் 11, செவ்வாய்

பின்னேரம் மச்சாள் வந்தா, கலியாணச் சேலைக்குச் சட்டை அளவு கேட்க. இவர் அப்போதுதான் புறப்படுகிறார். மட்டை உறை தோளில்.

"இந்தக் குளிருக்குள்ளையும் பட்மின்ரனோ தம்பி? வயசு போகேல்லை எண்டு நினைப்போ?" என்று மச்சாள் சிரித்தா.

இவர் வாசலில் நின்றார். என்னைப் பார்த்தார். எத்தனை செவ்வாய்க்கிழமை இந்தப் பார்வையைக் காணாததுபோல நான் சட்டி கழுவியிருப்பேன்!

"பட்மின்ரன் இல்லை மச்சாள்" என்றேன். "குடியை விட்டவையின்ரை கூட்டத்துக்குப் போறார். மூண்டு வருசமாப் போறார்."

சொல்லி முடித்தபிறகும் வீடு அப்படியே நின்றது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பூட்டினேன். மச்சாள் கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தா. "என்ரை தம்பியோ?" என்றா.

இவர் உறையைத் தோளிலிருந்து கழற்றினார். அதை ஆணியில் கொழுவிவிட்டு, கைகளை யக்கெற் பைக்குள் விட்டுக்கொண்டு, "வாறன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மச்சாள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தா. நான் பேச்சு வாங்கத் தயாராக நின்றேன். அவ சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பினா.

"எத்தினை மணிக்கு முடியும்? மா எங்கை வைச்சிருக்கிறீர்? வரேக்கை பசியோடை வருவான், புட்டு அவிச்சு வைப்பம்."